முந்தப் போனால் திக்குகிற கார்

என் கார் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில்லா ஜீவன் மேல் அபாண்டமாகப் பழி போட்டதாகிவிடும். காலையில் சாவியைத் திருகினால் முதல் திருகலிலேயே எழுந்துவிடும். ஏசி போட்டால் குளிரும். பழங்காநத்தம் ரவுண்டானாவில் நான்கு பக்கமும் ஷேர் ஆட்டோக்கள் சூழ்ந்து நிற்க, நடுவில் ஊர்ந்து போகச் சொன்னால் சமர்த்தாக ஊர்ந்து போகும். ஆனால் முன்னால் போகிற பஸ்ஸை முந்தலாம் என்று ஆக்சிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தினால் மட்டும், "அது வந்து..." என்று இழுக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மாப்பிள்ளை இழுப்பாரே, அதே இழுப்பு.

எனக்குச் சோழவந்தான் கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் கடை. வீடு பழங்காநத்தத்தில். வருஷக்கணக்காக இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவள், நாற்பத்தைந்து தாண்டிய பிறகு, மகன் வேலைக்கு வெளியூர் போய் வீடு சத்தமே இல்லாமல் கிடந்த ஒரு நாளில், கார் ஓட்டப் பழகப் போகிறேன் என்று அறிவித்தேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "எதுக்கு?" என்றார். "ஓட்டத்தான்" என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறார். வண்டி எதுவும் ஓட்டத் தெரியாது. சைக்கிளே அவருக்குக் கொஞ்சம் வேகம்தான். சாமி, பூதம், ஜாதகம், சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது, அது கிடையாது என்பதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லாமல் விடுவதும் கிடையாது. செகண்ட் ஹேண்டில் அந்தச் சின்ன காரை வாங்கி வந்த அன்று, நான் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நாலு பழத்தையும் ஜூஸ் போட்டுக் குடுத்தா எனக்காவது உடம்புக்கு நல்லது" என்றார். முன்னால் மிளகாயும் படிகாரமும் கட்டியபோது, "இதக் கட்டுனா இன்சூரன்ஸ் வேண்டாம்ல?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன், பழம் நசுங்கியது.

ஆனால் ஓட்டத் தெரியாதவர் காரோடு ஒட்டாமல் இருந்தார் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லுங்கியை மடித்துக் கட்டி, பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்து, ஏதோ இதய ஆபரேஷனுக்கு நிற்கிற டாக்டர் போல ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, "வண்டி வேல முடிஞ்சுச்சு" என்பார். அந்தத் தண்ணீர் ஒரு மழையில்லாத ஊரில் வாரக்கணக்கில் அப்படியேதான் இருக்கும். போகட்டும், ஆம்பளைக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா?

ஞாயிறு அன்று கடைக் கணக்குப் பார்க்க என்னோடு சோழவந்தான் வருவார். அப்போதுதான் எனக்கு உண்மையான சோதனை. இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இல்லாத பிரேக்கைக் கோச்சடை தாண்டும்போதே மிதிக்கத் தொடங்குவார். எதிரே ஆடு தெரிந்தால் மிதிப்பார். ஆடு மாதிரி ஏதாவது தெரிந்தாலும் மிதிப்பார். அவர் பக்கத்து மேட் மட்டும் கிழிந்து, அதை நான் ஒரு தடவை மாற்றியும் இருக்கிறேன்.

ஒரு ஞாயிறு துவரிமான் தாண்டி ஒரு தனியார் பஸ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் நிற்கும், கொஞ்சம் ஓடும், புகை கக்கும். எதிரே ரோடு வெறிச்சென்று கிடந்தது. நான் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி, பஸ்ஸை முந்தினேன். என்ன சுகம் தெரியுமா அது! டிரைவர் என்னைக் குனிந்து பார்த்தார். பொம்பளை ஓட்டுகிறாள் என்று கண்டதும் ஹாரன் அடித்தார். நானும் அடித்தேன். பக்கத்தில் திரும்பினால், என் கணவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைத் தள்ளிக்கொண்டு, கண்ணை மூடி, நெற்றி வியர்த்து உட்கார்ந்திருந்தார். மேலக்காலில்தான் கையை எடுத்தார். பிறகு, "ஒனக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்றார். "பஸ்ஸு புகை விடுதுங்க" என்றேன். "புகையைப் பார்த்துட்டு நாம உயிரோட வரலாம்ல?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் கார் திக்க ஆரம்பித்தது.

முதல் தடவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தேங்காய் லாரியை முந்தப் போனேன், அழுத்தினேன், வண்டி விக்கிப் போய், உறுமுவதற்குப் பதில் மூச்சு வாங்கியது. காலை எடுத்தேன், சரியாகிவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி விக்கல். அடுத்த நாள் ஒரு வைக்கோல் வண்டியின் பக்கவாட்டில் போய்ப் பாதியில் மூச்சுத் திணறி, எதிரே ஒருவர் மொபெட்டில் வெற்றிலைக் கட்டோடு வர, நான் பிரேக் போட்டுப் பழைய இடத்துக்கே ஒதுங்கி வந்தேன். வெற்றிலைக்காரர் போகிறபோது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருக்கிறார். நல்ல மனுஷர், என்னை அக்கா என்பார். அவரிடம் போய் நோயை விவரித்தேன். என் தொழிலே அதுதானே, தினமும் ஊரார் வந்து என்னிடம் நோயை விவரிக்கிறார்கள். "தம்பி, மெதுவாப் போனா ஒண்ணுமில்ல. அழுத்துனாத்தான் திக்குது. காலை எடுத்தா சரியாயிடுது" என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாரேன் என்று எடுத்துப் போனார். எங்கே ஓட்டினார்? பழங்காநத்தத்துக்குள்ளேதான். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டத்தில், எதிரே இரண்டு எருமை மாடும் ஒரு தண்ணீர் லாரியும் நிற்க, அங்கே யார் ஆக்சிலரேட்டரை அழுத்த முடியும்? எருமை அவரை முந்திப் போனதை நானே வாசலில் நின்று பார்த்தேன். திரும்பி வந்து, "வண்டி வெண்ணெ மாதிரி இருக்குக்கா" என்றார்.

இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று பிளக் மாற்றினார். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார். காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு" என்றார். இந்த வேலை நடந்த நேரமெல்லாம் என் கணவர் பானெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். வழக்கமாக மெக்கானிக் கடைப் பக்கமே வராத மனுஷர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்ஜினுக்கும் எனக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். நான் எட்டிப் பார்த்தால், "சூடு, சூடு, தள்ளி நில்லு" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, என் மேல் இவ்வளவு அக்கறையா என்று.

அடுத்து பைபாஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறவரிடம் கொண்டு போனோம். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "எர்ரர் எதுவும் காட்டலையே மேடம்." நான், "திக்குதே" என்றேன். "காட்டலையே" என்றார். "காட்டலேன்னாலும் திக்குதே" என்றேன். "காட்டாததுக்கு நான் என்ன பண்றது?" என்றார். கடையில் என்னிடம் வந்து, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை ஆனால் வலிக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் எப்படிப் பேசுவேன் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர்களிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறேன்.

இதற்குள் விஷயம் சோழவந்தான் முழுக்கப் பரவிவிட்டது. மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் எனக்கு மருந்து சொன்னார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர் பெட்ரோலில் கலப்படம் என்றார். குழந்தைக்குச் சளி மருந்து வாங்க வந்தவர், வண்டிக்கும் சளிதான், ராத்திரி வெளியில் நிற்கிறதல்லவா, மூடி வையுங்கள் என்றார். ஒரு அம்மா நின்று நிதானமாக என்னை மேலும் கீழும் பார்த்து, "கண்ணு பட்டிருக்கும் தாயி. நீ ஓட்டிட்டு வாரதை நானே வாயைப் பொளந்து பாத்திருக்கேன்" என்றார். குற்றத்தை இப்படி நேரே ஒப்புக்கொள்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது?

இதெல்லாம் சிரிப்புத்தான். சிரிப்பு எங்கே நின்றது என்றால், ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "மெக்கானிக்கும் நல்லாருக்குன்றான். கம்ப்யூட்டரும் நல்லாருக்குன்னுது. ஒருவேளை நீ மிதிக்கிறதுல ஏதாச்சும்..." என்றார்.

"ஏதாச்சும்?"

"இல்ல, காலு. வயசாகுதுல்ல. பதமா மிதிக்கணுமோ என்னமோ."

அவ்வளவுதான். அந்தச் செய்தி அன்றைக்கே அலங்காநல்லூர் போய்விட்டது. அங்கே என் கொழுந்தன், அதாவது இவருடைய தம்பி, விவசாயம் பார்க்கிறார். நல்லவர்தான், ஆனால் பிறர் பிரச்சனைக்குத் தீர்வு சொல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. போன் போட்டார். "மதினி, கோவிச்சுக்காதீக. பொம்பளைக காலுக்கு கார் சரிப்படாது. வண்டியை இங்க கொண்டாந்து விட்டுருங்க, நான் வச்சுக்கிறேன். நீங்க பழையபடி பஸ்ல போங்க. அதான் எல்லாருக்கும் நல்லது."

நான் கோபக்காரி. அதிலும் சாதாரணக் கோபக்காரி இல்லை. கோபம் வந்தால் எனக்கே நட்டமாகிற மாதிரி வார்த்தையை விடுகிறவள். "சரி, ஞாயித்துக்கிழம கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கார் போனால் என்ன, பஸ் இருக்கிறது, இத்தனை வருஷம் போகவில்லையா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வீட்டில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், பஸ்ஸில்கூடப் பக்கத்து சீட்டுக்காரி என்ன மாத்திரை நல்லது என்று கேட்பாள். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற நேரம் ஒன்றில்தான் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வைகையில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று இடது கண்ணால் பார்த்துக்கொண்டு, எனக்குப் பிடித்த வேகத்தில், நானே போகிறேன். அதைவிட ஒன்று உறுத்தியது. கார் கெட்டுப்போய்க் கொடுத்தால் பரவாயில்லை. என் கால் கெட்டுப்போனதாகச் சொல்லிக் கொடுப்பதை என்னால் தாங்க முடியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். இவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய வேட்டி. புது வேட்டி ஒன்றை எலி கடித்துவிட்டதாகக் கொஞ்ச நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தார். நான் எலிப்பொறி வாங்கி, தினமும் மசால் வடை வைத்து, எலி வராமல் தினமும் காலையில் நானே அந்த வடையைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

சிக்கந்தர் சாவடி தாண்டியதும் வயல் தொடங்கியது. முன்னால் ஒரு டிராக்டர், மேலே மலை போல வைக்கோல். அதிலிருந்து ஒவ்வொரு கொத்தாக என் கண்ணாடி மேல் விழுந்துகொண்டே வந்தது. எதிரே ரோடு காலி. கடைசியாக ஒரே ஒரு தடவை, என்று நினைத்தேன். அழுத்தினேன். திக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். இன்னும் திக்கியது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, வா வா என்று கைகாட்டினார். வர முடியவில்லை. பின்வாங்கினேன். அவர் முகத்தில் தெரிந்த இரக்கம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். இவர் "என்னாச்சு?" என்றார். யோசித்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கு இருமல் மருந்து கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் என்ன சொல்வேன்? "எங்க, ஒருக்கா இருமுங்க பாப்போம்" என்பேன். இந்தக் கார் இருமும்போது அதன் வாயை யாராவது பார்த்தார்களா? மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து ஓட்டினார், இறங்கி வந்து, இருமல் நின்ற பிறகு திறந்து பார்த்தார். கம்ப்யூட்டர்காரர் திரையைப் பார்த்தார். மிதிக்கிறவர் உள்ளே இருக்கிறார், பார்க்க வேண்டியது வெளியே இருக்கிறது. அப்படியானால் ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டு ஆள் வேலை.

"எறங்கி இந்தப் பக்கம் வாங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"டிரைவர் சீட்டுக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏய், எனக்கு ஓட்டத் தெரியாதுல்ல."

"ஓட்ட வேணாம். நியூட்ரல்ல போட்டிருக்கேன். ஹேண்ட் பிரேக்கும் போட்டாச்சு. வலது பக்கக் கட்டையை மிதின்னா மிதிங்க, விடுன்னா விடுங்க. அம்புட்டுத்தான்."

"நீ எங்க நிப்ப?"

"முன்னால. பானெட்டைத் திறந்துட்டுப் பாக்கப் போறேன்."

"வேணாம்." இது உடனே வந்தது. "சூடா இருக்கும். கண்ணுல தெறிக்கும். தம்பி வீட்டுக்குப் போயிட்டுப் பாத்துக்கலாம். வெயில் வேற. எனக்கு வேற தலை சுத்துது."

இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரு காரணத்துக்குப் பதில் நாலு காரணம் சொன்னால் அந்த ஆளிடம் எதுவோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பேசாமல் கதவைத் திறந்து பிடித்தேன். வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தேர்வு அறைக்குள் போகிற மாணவனைப் போல ஏறி உட்கார்ந்தார். நான் பானெட்டைத் தூக்கிக் கம்பியைக் கொடுத்தேன்.

"மிதிங்க!"

ஒரு சின்ன முனகல். அவர் கட்டைவிரலால் தொட்டிருக்கிறார்.

"நான் ஓட்டுற மாதிரி மிதிங்க!"

மிதித்தார் பாருங்கள். புளியமரத்திலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன. வண்டி அலறத் தொடங்கி, அலற முடியாமல் விக்கி, திக்கி, குமைந்தது. அந்த நேரத்தில் நான் பார்த்தேன். முன்பக்க வலைக்கு உடனே பின்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் குழாயின் வாய். என்ஜின் மூச்சு இழுக்கிற மூக்கு அதுதான். அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஒரு முனையில் சின்ன முடிச்சு, மற்றபடி நீளமாகத் தொங்கல். இவர் மிதித்ததும் அந்தத் தொங்கல் எழும்பி, லபக் என்று போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது.

"விடுங்க!"

துணி சாதுவாகக் கீழே விழுந்து தொங்கியது.

"மிதிங்க!" லபக். "விடுங்க!" பொத். "மிதிங்க!" லபக்.

எத்தனை தடவை செய்யச் சொன்னேன் என்று தெரியாது. எனக்குச் சிரிப்பு வருகிறதா, ஆத்திரம் வருகிறதா என்றும் தெரியவில்லை. மெதுவாகப் போனால் மூச்சு மெதுவாக, துணி சும்மா இருக்கும். முந்துவதற்காக அழுத்தினால் மூச்சு பலமாக, துணி மூக்கைப் பொத்தும். என் கால் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. என் கால் மிதித்ததெல்லாம் சரியாகத்தான் மிதித்திருக்கிறது.

கை வைத்து அவிழ்த்தேன். எண்ணெய்யும் தூசியும் ஏறிப் போயிருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தான். முனையில் முடிந்திருந்தது ஒரு காசு. சாமிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைப்போமே, அந்த முடிச்சு. நான் வைத்தது இல்லை. துணியைத் திருப்பினேன். ஓரத்தில் பச்சையும் அரக்குமாகக் கரை. அந்தக் கரையை எனக்குத் தெரியும். நான் எடுத்துக் கொடுத்த புது வேட்டி.

"என்னங்க," என்றேன், "எலி மாட்டிக்கிருச்சு."

இறங்கி வந்தார். துணியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், புளியமரத்தைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகு என்னைப் பார்த்தார்.

"கருப்பசாமிக்கு முடிஞ்சது" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"யாரு முடிஞ்சது?"

"நாந்தான்."

"சாமி இல்லைன்னு சொல்றவக?"

"இல்லதான்." வேட்டி முனையைத் திருகினார். "ஆனா நீ அன்னைக்கு துவரிமான்ல அந்த பஸ்ஸ முந்துன பாரு. எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. ஓட்டாதன்னு சொன்னா நீ கேப்பியா? வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"சரி, பூஜை அறையில வைக்கிறதுக்கென்ன?"

"அங்க வச்சா நீ பாத்திருவியே. எலுமிச்சம்பழத்துக்கு நான் பேசுன பேச்சுக்கு ஆயுசு பூரா என்னைய விடுவியா? அதான், தண்ணி ஊத்தறப்ப பாத்தேன், சும்மா ஒரு ஓட்டை இருந்துச்சு. யாரும் பாக்காத எடம்னு கட்டிட்டேன். கஞ்சத்தனமாச் செய்யக்கூடாதேன்னு துணியக் கொஞ்சம் பெருசாவே கிழிச்சு, மஞ்சள்ல முக்குனேன்."

"என்னான்னு வேண்டுனீக?"

தயங்கினார். "இவ யாரையும் முந்தாம, பத்திரமா வீடு வந்து சேரணும்னு."

நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "முந்தாமன்னு சொன்னீகளா? வாய்விட்டு?"

"சொன்னேன்."

"அந்தத் துணிதாங்க ஒருத்தரையும் முந்த விடல! வைக்கோல் வண்டியக்கூட முந்த விடல! இம்புட்டுக் கறாரா வேண்டுதலை நிறைவேத்துன சாமிய நான் பாத்ததே இல்ல!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேட்டி புழுதியில் புரள என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு, "துணியாலதான் திக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். நம்பினேன். தெரிந்து செய்கிற சாமர்த்தியம் இருந்தால் அவர் இன்னேரம் ஜவுளிக்கடைக்கே முதலாளி. கோபம் இல்லாமல் இல்லை. என் காலைக் குறை சொன்ன கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. தான் நம்பாத சாமியிடம் போய், எனக்காக, ஒளித்து ஒளித்து ஒரு மனுஷன் கும்பிட்டிருக்கிறான். அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டதும், "அட, அந்த மஞ்சத் துணியாக்கா?" என்றார்.

"நீங்க பாத்தீகளா?"

"பாக்காம? பானெட்டைத் திறந்ததும் முத ஆளா அதானே நிக்குது. சாமிக்கு முடிஞ்சு வச்சதுல நாம கைய வைக்கலாமாக்கா? தெய்வக் குத்தமாயிராது? எந்த வண்டியிலதான் இல்ல? அதைச் சுத்தி சுத்தி வேல பாப்போம், அதைத் தொட மாட்டோம்."

பைபாஸ்காரரிடமும் கேட்டேன், சும்மா இருக்க முடியாமல். அவரும் பார்த்திருக்கிறார். கும்பிட்டுவிட்டுத்தான் வயரைச் செருகினாராம். ஆக நோய் எல்லார் கண்ணிலும் பட்டது. எல்லாரும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் காலைச் சந்தேகப்பட்டார்கள்.

அலங்காநல்லூரில் கொழுந்தன் வாசலிலேயே நின்றார். கொட்டகையில் மாட்டை வேறு இடத்தில் கட்டி, காருக்கு இடம் ஒதுக்கி, சாணியைக்கூட வழித்துவிட்டிருந்தார். இடம் மாறிக் கட்டிய காளை என்னை முறைத்தது. "வாங்க மதினி, சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினார். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று பார்த்தேன். காட்டிக்கொடுத்தால் அவர் மானம் இந்த ஊரில் கப்பலேறிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். சாமி இல்லை என்று இந்த வாசலில் நின்றுதான் அவர் வருஷா வருஷம் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்களோடு வாதாடுவார்.

இவர் தொண்டையைக் கனைத்தார். "கார் குடுக்கல. சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்."

"ஏண்ணே? மதினிக்குக் கால்ல..."

"மதினி கால்ல ஒரு கோளாறும் இல்ல. எங் கையிலதான் கோளாறு. நான் கருப்பசாமிக்கு முடிஞ்சத வண்டி மூக்குல கட்டித் தொலச்சிட்டேன். அவ சரியாத்தான் ஓட்டுறா. உன்னையவும் என்னையவும் விட நல்லா ஓட்டுறா."

கொழுந்தன் வாய் பிளந்து நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். நான் திரும்பிக் காளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று. இந்த ஊரில் இந்த மனுஷனுக்கு இது எம்புட்டுப் பெரிய வார்த்தை என்று எனக்குத்தான் தெரியும்.

வேண்டுதல் நிறைவேறிவிட்டதல்லவா, காணிக்கையைச் செலுத்தாமல் விட்டால் வம்பு என்று கொழுந்தன் மனைவி சொல்ல, சாப்பிட்டு முடித்துக் கண்மாய்க் கரைக் கருப்பசாமி கோயிலுக்குப் போனோம். இவர் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார். சத்தம் கேட்டதும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, லேசாகக் கையைக் கூப்பினார்.

திரும்பும் வழியில், அதே ரோட்டில், காலையில் பார்த்த அதே டிராக்டர். வைக்கோலை எங்கேயும் இறக்காமல் வேறு பக்கம் கொண்டு போகிறாரோ என்னவோ, மலை அப்படியே இருந்தது. கொத்துக் கொத்தாகக் கண்ணாடி மேல் விழுந்தது. எதிரே ரோடு காலி. கார் மூக்கில் இப்போது ஒன்றுமில்லை, சாமிக்கும் பாக்கி இல்லை. எனக்கு மட்டும் கால் எழும்பவில்லை. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் நெஞ்சு நின்று போன கதை இப்போது எனக்குத் தெரியும். மெதுவாகவே போய்விடலாம் என்று பின்னாலேயே போனேன். வைக்கோல் விழுந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "என்ன, மறுபடி திக்குதா?" என்றார்.

"இல்லங்க. பரவால்ல, மெதுவாப் போவோம்."

அவர் எட்டி எதிர்ப்பக்கம் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றினார், இல்லாத பிரேக்கின் மேல் காலை வைத்தார், கண்ணை இறுக்கி மூடினார்.

"முந்து" என்றார்.